வீடும் சானடோரியமும்: சென்னையில் நடந்த ஒரு மருத்துவப் பரிசோதனை

சென்னைப் புறநகர் மின்ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய நிலையத்தின் பெயர் 'தாம்பரம் சானடோரியம்'. நாள்தோறும் அவ்வழியே போய்வருவோர் அந்த இரண்டாவது சொல்லின் பொருளை நினைத்துப் பார்ப்பதில்லை. அது ஊர்ப்பெயராகவே ஆகிவிட்டது. ஆனால் அரை நூற்றாண்டுக் காலம் அச்சொல் தமிழ்நாட்டில் ஒரு நம்பிக்கையையும் ஓர் அச்சத்தையும் சேர்த்துக் குறித்தது. க்ஷயம், எலும்புருக்கி, டி.பி. எனப் பல பெயர்களால் அறியப்பட்ட காசநோய்க்குச் சானடோரியம்தான் சிகிச்சை என்று உலகம் நம்பிய காலம் அது.

அந்த நம்பிக்கை எங்கே, எப்படி முடிவுக்கு வந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பெர்லினிலோ லண்டனிலோ அல்ல, சென்னைச் சேத்துப்பட்டில் அது முடிவுக்கு வந்தது. 1956-ல் தொடங்கி 1959-ல் முடிவுகள் வெளியான ஓர் ஆய்வு, உலகெங்கும் காசநோயாளிகள் நடத்தப்பட்ட விதத்தையே மாற்றியது. அந்த ஆய்வின் வரலாறு வெற்றியின் வரலாறுதான். ஆயினும் ஏழைகளுக்கான மருத்துவம் என்றால் என்ன, ஓர் ஆய்வு கேட்ட கேள்வி எது, அரசுகள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட விடை எது என்பன போன்ற, இன்றும் தீராத சில சிக்கல்களும் அதற்குள் இருக்கின்றன.

சானடோரியத்தின் காலம்

1850-களில் ஹெர்மன் ப்ரெமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் மலைப்பகுதியொன்றில் காசநோயாளிகளுக்கான முதல் சானடோரியத்தை நிறுவினார். தூய காற்று, ஓய்வு, நல்ல உணவு, மருத்துவரின் இடையறாத கண்காணிப்பு ஆகிய நான்கும்தான் மருந்து. 1882-ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்த பிறகும் இம்முறை மாறவில்லை. நோய்க்குக் காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. மாறாக, நோய் தொற்றக்கூடியது என்பது உறுதியானதால் நோயாளியை வீட்டிலிருந்து பிரித்துவைக்க இன்னொரு நியாயமும் கிடைத்தது. தாமஸ் மான் 1924-ல் வெளியிட்ட 'மாய மலை' நாவல் டாவோஸ் நகரச் சானடோரியம் ஒன்றில்தான் நிகழ்கிறது. வசதி படைத்த ஐரோப்பியர் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் படுத்துக்கிடக்கக்கூடிய தனி உலகமாக அது இருந்தது.

தமிழருக்கு இந்த உலகத்தோடு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. டேவிட் சௌரி முத்து என்ற மருத்துவர் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் ஒரு சானடோரியம் நடத்திவந்தார். 1914-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய கணிதமேதை ராமானுஜனுடன் அதே கப்பலில் பயணம் செய்தவர் அவர். 1917-ல் ராமானுஜன் நோயுற்றபோது அவருடைய சானடோரியத்துக்கே நோயாளியாகப் போய்ச் சேர்ந்தார். இங்கிலாந்துச் சானடோரியங்களின் குளிரும் உணவும் சைவ உணவுக்காரரான ராமானுஜனுக்கு ஒவ்வவில்லை. அவருக்கு இருந்தது காசநோயே அல்ல, குடலிலிருந்து கல்லீரலைத் தாக்கிய அமீபா நோய் என்று பிற்காலத்தில் சிலர் வாதிட்டுள்ளனர். எப்படியாயினும் 1920 ஏப்ரலில் அவர் காலமானது சென்னைச் சேத்துப்பட்டில். சௌரி முத்து பின்னர் இந்தியா வந்து 1928-ல் தாம்பரத்தில் தம் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் சென்னை மாகாண அரசு அதை ஏற்றுக்கொண்டது.

சானடோரியம் யாருக்குக் கிடைத்தது? 1946-ல் வெளிவந்த போர் குழு அறிக்கையின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் நோயைப் பரப்பக்கூடிய நிலையிலிருந்த காசநோயாளிகள் சுமார் 25 லட்சம் பேர். ஆண்டுதோறும் இறந்தவர்கள் சுமார் 5 லட்சம். நாடு முழுவதிலும் அவர்களுக்கென இருந்த படுக்கைகளோ ஏறக்குறைய 6,000. இந்தக் கணக்கை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஒரே விடைதான் வரும். பெரும்பான்மையோருக்குச் சிகிச்சை என்று எதுவும் இல்லை.

மருந்து வந்தது, யாருக்கு?

1943-ல் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் அவருடைய மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டறிந்தார். காசநோய்க் கிருமியைத் தாக்கிய முதல் பயனுள்ள மருந்து அது. போரால் நொடித்திருந்த பிரிட்டனிடம் அதைத் தாராளமாக வாங்க டாலர் இல்லை. கிடைத்த சிறு அளவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. மூளைச்சவ்வில் காசநோய் கண்டவர்களைப் போல மருந்தின்றி இறப்பது உறுதியென்று தெரிந்தவர்களுக்கு முதலில் கொடுத்தார்கள். எஞ்சியதைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள்.

அந்த ஆய்வுதான் இன்றைய மருத்துவ ஆய்வுமுறைக்கே அடித்தளம். ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளர் அதை வடிவமைத்தார். நுரையீரல் காசநோயாளிகள் 107 பேர். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதை மருத்துவரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை. ஒட்டப்பட்ட உறைக்குள் இருந்த சீட்டு தீர்மானித்தது. ஆறு மாத முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் நால்வரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். 1948-ல் முடிவு வெளியானது. ஓய்வு மட்டும் பெற்றவர்களிடம், தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்றே சொல்லப்படவில்லை. எல்லோருக்கும் கொடுக்க மருந்தே இல்லாதபோது, கொடுக்காமல் விட்டது அநீதியாகாது என்பது அவர்கள் வாதம். பற்றாக்குறையே ஆய்வுக்கு அறநியாயத்தை வழங்கியது. இதை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும்; சேத்துப்பட்டிலும் பற்றாக்குறையே பேசப்போகிறது.

இலக்கிய வாசகர்களுக்கு அதே 1948 வேறொரு காரணத்தால் மறக்கமுடியாத ஆண்டு. ஸ்காட்லாந்து மருத்துவமனை ஒன்றில் ஜார்ஜ் ஆர்வெல் காசநோயோடு படுத்திருந்தார். பத்திரிகை அதிபரான நண்பர் டேவிட் ஆஸ்டரின் முயற்சியால் அமெரிக்காவிலிருந்து அவருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. மருந்து ஒவ்வாமல் உடலெங்கும் புண்ணாகி, சிகிச்சையை இடையில் நிறுத்தவேண்டியதாயிற்று. 1950 ஜனவரியில் அவர் இறந்தார். அதே 1948-ல், திரைப்பட வேலையாகப் புனே சென்றிருந்த புதுமைப்பித்தன் காசநோய் முற்றிய நிலையில் திருவனந்தபுரம் திரும்பி, நாற்பத்திரண்டே வயதில் மறைந்தார். மருந்து கைக்கு வந்தும் ஆர்வெல் பிழைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒருவருக்கு மருந்து கடல் கடந்து வர முடிந்தது என்பதற்கும், இன்னொருவர் வாழ்ந்த நாட்டில் அது எளிதில் எட்டாப் பொருளாக இருந்தது என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் அன்றைய காசநோயின் அரசியல் முழுதும் அடங்கியிருக்கிறது.

ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்தால் கிருமிகள் விரைவில் அதை எதிர்க்கப் பழகிவிடுகின்றன என்பதும் அந்த பிரிட்டிஷ் ஆய்விலேயே தெரியவந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்ற பாடம் அங்கிருந்து தொடங்கியது. பி.ஏ.எஸ். வந்தது. 1952-ல் ஐசோனியசிட் வந்தது. ஐசோனியசிட் மாத்திரையாக விழுங்கத்தக்கது, மிக மலிவானது. ஊசி போடத் தேவையில்லை. அப்படியானால் நோயாளி மருத்துவமனையில்தான் இருக்கவேண்டுமா?

தடுப்பூசியும் ராஜாஜியும்

சேத்துப்பட்டுக்குப் போகுமுன் அன்றைய சென்னையின் மனநிலையைச் சொல்லவேண்டும். 1948-லிருந்து இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி இயக்கம் நடந்துவந்தது. அதற்கான மருந்து கிண்டியில் தயாரிக்கப்பட்டது. அதை மிகக் கடுமையாக எதிர்த்தவர் ராஜாஜி. முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிய மறு ஆண்டான 1955-ல், தாம் அதை ஏன் எதிர்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு சிறுநூலே வெளியிட்டார். போதிய நிரூபணம் இல்லாத ஒன்றைக் கோடிக்கணக்கான குழந்தைகளின் உடம்பில் ஏற்றலாமா என்பது அவர் கேள்வி. விஞ்ஞானத்துக்கு எதிரானவர், பழமைவாதி என்று அவரை எதிர்த்தோர் பேசினர்.

பின்கதை வியப்பானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1968-ல் செங்கற்பட்டு மாவட்டத்தில், உலகின் மிகப்பெரிய தடுப்பூசி ஆய்வுகளில் ஒன்றைத் தொடங்கியது. ஊசி போடப்பட்டவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். நுரையீரல் காசநோயிலிருந்து பெரியவர்களை பி.சி.ஜி. காக்கவில்லை என்பதே 1979-80-ல் வெளியான முடிவு. குழந்தைகளை மூளைச்சவ்வுக் காசநோய் போன்ற கொடிய வடிவங்களிலிருந்து அது காக்கிறது என்பதால் இன்றும் பிறந்த குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. ராஜாஜியின் எல்லா வாதங்களும் சரியென்று இதனால் ஆகிவிடாது. ஆனால் நிரூபணத்தைக் கேட்பது விஞ்ஞானத்துக்கு எதிரானது என்ற வசை தவறென்று ஆகிறது. அரசுத் திட்டமாக ஒன்று தொடங்கிய இருபது ஆண்டுகளுக்குப் பிறகுதான் அதன் பயனைச் சோதிக்கும் பெரிய ஆய்வு தொடங்கியது என்பது பொதுச் சுகாதார வரலாற்றில் அடிக்கடி காணக்கிடைக்கும் வரிசைமுறை.

சேத்துப்பட்டு, 1956

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: ஒரே மருந்தைச் சானடோரியத்தில் இருப்பவருக்கும் வீட்டிலிருப்பவருக்கும் கொடுத்தால் குணமாவதில் வேறுபாடு உண்டா?

சென்னை நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, முன்பு சிகிச்சை பெறாத, சளியில் கிருமி கண்ட நோயாளிகள் 193 பேர் சேர்க்கப்பட்டனர். பிராட்ஃபோர்ட் ஹில்லின் வழியில், யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்கு என்பதைத் தற்செயல் ஒதுக்கீடே தீர்மானித்தது. இரு சாராருக்கும் ஓராண்டுக் காலம் ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும் தினமும் தரப்பட்டன. பி.ஏ.எஸ். கிராம் கணக்கில் விழுங்கவேண்டிய, வயிற்றைப் புரட்டும் மருந்து. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வு, செவிலியர் கவனிப்பு, வேளாவேளைக்கு நல்ல உணவு. வீட்டிலிருந்தவர்களுக்கு இட நெருக்கடி மிகுந்த குடியிருப்பு, குறைந்த உணவு, பலருக்கு அன்றாட வேலை. அவர்கள் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் சென்றனர். சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குச் சென்றனர். சில வேளைகளில் முன்னறிவிப்பின்றியும் சென்று மிச்சமிருக்கும் மருந்தை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். நோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களும் தொடர்ந்து பரிசோதிக்கப்பட்டனர்.

இங்கே நின்று ஒரு கேள்வி கேட்கவேண்டும். இந்த ஆய்வு ஏன் லண்டனில் நடக்கவில்லை? லண்டனில் படுக்கைகள் இருந்தன. படுக்கை இருக்கும் ஊரில், அதைப் பெறத்தக்க நோயாளியை 'நீ வீட்டுக்குப் போ' என்று சீட்டுக் குலுக்கி அனுப்ப எந்த மருத்துவரும் துணியமாட்டார். சென்னையில் அது முடிந்தது, ஏனெனில் பெரும்பாலோர் வீட்டில்தான், மருந்துமின்றிக் கிடந்தார்கள். ஆய்வில் சேர்ந்த இரு சாராருமே, சேராதவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். இலவச மருந்து, ஓயாத கவனிப்பு, ஐந்தாண்டுத் தொடர் பரிசோதனை ஆகியவற்றை 1956-ல் சென்னைச் சேரியில் வேறு யார் கொடுத்தார்கள்? அறநோக்கில் ஆய்வை நியாயப்படுத்துவது இதுவே. அறநோக்கில் உறுத்துவதும் இதுவே. ஏழ்மையால் ஏற்பட்ட இல்லாமையை அடித்தளமாக வைத்துக்கொண்டால், அதற்கு மேல் எது கொடுத்தாலும் கொடையாகிவிடுகிறது.

மனிதர்களிடம் செய்யும் ஆய்வுக்கு ஒப்புதல் தேவை என்ற நியூரம்பெர்க் நெறிகள் 1947-ல் வந்துவிட்டன. ஹெல்சிங்கி அறிக்கை 1964-ல்தான் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் முதல் அறநெறிக் கொள்கையை வெளியிட்டது 1980-ல். சேத்துப்பட்டு ஆய்வு இவற்றுக்கு இடைப்பட்ட காலத்தில், இந்திய நெறிமுறை எதுவும் எழுதப்படாதபோது நடந்தது. ஆகவே அதை இன்றைய படிவங்களைக் கொண்டு அளப்பதைவிட, அது யாருக்காக நடந்தது, பயன் யாரைச் சேர்ந்தது என்று கேட்பதே பொருத்தம்.

முடிவும் அதன் பயணமும்

1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவுகள் வெளியாயின. ஓராண்டு இறுதியில் நோய் அடங்கியிருந்தவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதல்ல. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் நோய் திரும்புவதிலும் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லோரும் அஞ்சியது வீட்டிலுள்ளவர்களுக்கு நோய் பரவும் என்பதை. அதுவும் நடக்கவில்லை, சானடோரியத்துக்குப் போனவரின் குடும்பத்தைவிட வீட்டிலிருந்தவரின் குடும்பத்தில் நோய் கூடுதலாகக் காணப்படவில்லை. பரவவேண்டியது பெரும்பாலும் நோய் கண்டறியப்படுமுன்பே பரவிவிடுகிறது, மருந்து தொடங்கியதும் பரவும் ஆற்றல் விரைவில் குறைகிறது என்பது பிற்காலத்தில் தெளிவானது.

இதன் விளைவை மிகைப்படுத்தவே முடியாது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக ஓய்வும் உணவும் காற்றுமே இந்நோய்க்கு மருந்து என்று நம்பிவந்த மருத்துவம் ஒரே கட்டுரையில் திசை திரும்பியது. ஐரோப்பாவின் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு உல்லாச விடுதிகளாகவும் பொது மருத்துவமனைகளாகவும் மாறின. ஏழை நாட்டுக்கென்று கேட்கப்பட்ட கேள்வியின் விடை பணக்கார நாடுகளுக்கும் மிச்சம் பிடித்துக்கொடுத்தது. இந்தியாவிலோ அது விடுதலையின் செய்தி. குடும்பத்தைப் பிரிந்து, வருமானமிழந்து, ஊரின் கண்ணில் தள்ளிவைக்கப்பட்டவராக ஓராண்டு வாழவேண்டியதில்லை. வீட்டுத்தலைவியை ஓராண்டு இழந்தால் ஒரு குடும்பம் என்னவாகும் என்பதை நாம் அறிவோம். 1959-ல் பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1962-ல் வீட்டுச்சிகிச்சையை அடிப்படையாகக் கொண்ட தேசிய காசநோய்த் திட்டம் வந்தது.

மூன்று நிழல்கள்

முதல் நிழல் மலிவு என்ற சொல்லின்மேல் விழுகிறது. பி.ஏ.எஸ். விலை கூடியது, பருமனானது. ஆகவே ஐசோனியசிட்டை மட்டும் தனியாகக் கொடுத்தால் போதுமா என்று சேத்துப்பட்டு மையம் அடுத்து சோதித்தது. தனி மருந்து கிருமியின் எதிர்ப்பை வளர்க்கும் என்பது ஏற்கெனவே தெரிந்த காலம் அது. 1960-ல் வெளியான முடிவு, தனி மருந்து கூட்டு மருந்தைவிடத் தாழ்ந்தது என்று காட்டியது. நல்ல வசதியுள்ள நாட்டில் இக்கேள்வி கேட்கப்பட்டிருக்காது. ஆனால் ஒன்றுமே கிடைக்காத லட்சக்கணக்கானோருக்கு ஏதேனும் கிடைக்குமா என்று தேடியவர்களை எளிதில் குற்றம் சொல்லிவிடவும் முடியாது. சிறந்ததைச் சிலருக்குக் கொடுப்பதா, சுமாரானதை எல்லோருக்கும் கொடுப்பதா என்பது மருத்துவ அறத்தின் பழைய கேள்வி. அதற்கு விடை சொல்லுமுன், சிறந்தது ஏன் சிலருக்கு மட்டுமே போதுமானதாக இருக்கிறது என்ற கேள்வியை எழுப்பாமல் விடுவதில்தான் தவறு நிகழ்கிறது.

இரண்டாவது, கண்காணிப்பின் நிழல். வீட்டில் மருந்தை ஒழுங்காக விழுங்காமல் விடுபவர்கள் உண்டு என்பதை ஃபாக்ஸ் குழுவினர் கண்டனர். எனவே ஒவ்வொரு வேளையையும் பணியாளர் கண்முன் விழுங்கச் செய்வது, அதற்கு வசதியாக வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் மருந்து தருவது என்ற முறை சென்னையிலேயே சோதிக்கப்பட்டு 1964-ல் வெளியானது. 1990-களில் உலக சுகாதார நிறுவனம் பரப்பிய 'டாட்ஸ்' முறையின் வேர் இங்கே இருக்கிறது. இந்தியா 1997-லிருந்து வாரம் மும்முறை மருந்து என்ற வடிவில் அதை ஏற்றது. ஓராண்டுப் படுக்கையிலிருந்து நோயாளியை விடுவித்த ஊரே, வாரம் மும்முறை வேலையை விட்டுவிட்டு இன்னொருவர் கண்முன் வாய் திறக்கும் கடமையையும் அவருக்குத் தந்தது என்பது வரலாற்றின் முரண். தினசரி மருந்தே மேல் என்று உலகம் மாறிய பின்னும் இந்தியா தாமதித்தது. பொதுநல வழக்கொன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2017-ல்தான் தினசரி முறைக்கு மாற அரசு காலவரையறையை ஏற்றது.

இக்கண்காணிப்பு ஒரு மொழியையும் உண்டாக்கியது. மருந்தை இடையில் விட்டவர் 'டிஃபால்டர்'. கடனைத் திருப்பித் தராதவரைக் குறிக்க வங்கிகள் ஆளும் அதே சொல். நோய் இருக்கக்கூடும் என்று கருதப்படுபவர் 'சஸ்பெக்ட்', அதாவது காவல்நிலையத்துச் சொல். மொழியைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது சிறு விஷயமாகத் தோன்றாது. சொல் மாறும்போது பழி இடம் மாறுகிறது. மருந்து தீர்ந்துபோன நிலையமும், நடந்தே வரவேண்டிய பத்து மைலும், கூலி இழப்பும் மறைந்து, குற்றவாளியாக நோயாளி மட்டும் எஞ்சுகிறார். 2013-ல்தான் உலக சுகாதார நிறுவனம் இவ்விரு சொற்களையும் கைவிட்டது. இத்தனைக்கும் 1963-லேயே டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் செய்த ஆய்வு வேறொன்றைச் சொல்லியிருந்தது. நோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தாமாகவே மருத்துவ உதவி தேடிப் போயிருந்தனர். அரசு நிலையங்கள் அவர்களுக்கு இருமல் மருந்தைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தன. ஏழைகள் அறியாமையால் வருவதில்லை என்ற வசதியான கதை அன்றே உடைந்தது. ஆனாலும் அக்கதை இன்றுவரை மேடைகளில் உயிரோடிருக்கிறது.

உணவைப் பற்றிய ஒரு முடிவு

மூன்றாவது நிழலே மிக நீண்டது. சேத்துப்பட்டு மையம் நோயாளிகளின் உணவையும் அளந்திருந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாக உண்டனர், எடையும் கூடியது. வீட்டிலிருந்தவர்கள் குறைவாக உண்டனர், எடை ஏற்றமும் குறைவு. ஆயினும் குணமாவதில் வேறுபாடில்லை. சரியான மருந்து கிடைத்தால் உணவு குறைவாக இருந்தாலும் நோய் குணமாகும் என்று 1961-ல் வெளியான கட்டுரை காட்டியது.

சொன்ன அளவில் அது சரியே. முறையாக மருந்து கொடுத்து, வீட்டுக்கே போய்க் கண்காணித்தால் கிருமி ஒடுங்கும் என்பதை அது நிறுவியது. ஆனால் திட்டமிடுவோர் கேட்டது வேறு. உணவைப் பற்றிக் கவலைப்படவேண்டியதில்லை என்று அவர்கள் காதில் விழுந்தது. உணவு தருவது விலை கூடிய காரியம், மாத்திரை விலை குறைந்த காரியம். விஞ்ஞானமே மலிவானதை ஆதரிக்கும்போது கருவூலத்துக்கு வேறென்ன வேண்டும்? பட்டினியால் தேய்ந்த உடலில் இந்நோய் ஏன் முதலில் குடியேறுகிறது என்பது அந்த ஆய்வு கேட்காத கேள்வி. கேட்காத கேள்விக்கு, அது தராத விடையைப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டோம்.

விடை 2023-ல் வந்தது. சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்குகொண்ட ஓர் ஆய்வு ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடந்தது. 2,800 நோயாளிகள், அவர்களோடு வாழ்ந்த 10,345 குடும்பத்தினர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப்பொருள் தரப்பட்டது. குடும்பத்தினரில் ஒரு சாராருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கூடுதலாகத் தரப்பட்டன. அவ்வாறு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. எந்தத் தடுப்பூசிக்காக ராஜாஜி சண்டையிட்டாரோ, எதைச் செங்கற்பட்டில் இரண்டரை லட்சம் பேரிடம் சோதித்தோமோ, அது பெரியவர்களுக்குச் செய்யாத காரியத்தை ரேஷன் அரிசியும் பருப்பும் செய்தன. நோயாளிகளிலும், சிகிச்சையின் முதல் மாதங்களில் எடை கூடியவர்களிடம் மரணம் குறைவாக இருந்தது.

2018-லிருந்து நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்துக்காக வங்கிக் கணக்கில் தரும் திட்டம் நடைமுறையில் இருந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாயிற்று. தமிழ்நாடு 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டவுடன் எடை மிகக் குறைந்தவர், மூச்சு முட்டுபவர், எழுந்து நிற்க முடியாதவர் ஆகியோரைப் பிரித்தறிந்து மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். படுக்கை எல்லோருக்கும் தேவையில்லை என்று உலகுக்குச் சொன்ன மாநிலம், சிலருக்கு அது இன்றியமையாதது என்பதைத் தானே மீண்டும் கண்டிருக்கிறது. இது பின்வாங்கல் அல்ல, 1959-ன் முடிவைச் சரியான எல்லைக்குள் வைத்துப் படிப்பது.

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். 2025-க்குள் ஒழிப்போம் என்று அறிவித்த இலக்கு எட்டப்படவில்லை. அந்தத் தோல்விக்குப் புதிய மருந்துகளின்மை ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இருந்த மருந்துகள் எல்லாம் அவ்வப்போது வேலை செய்தவையே என்பதையும் வரலாறு காட்டுகிறது. 1956-ல் சேத்துப்பட்டில் ஓர் ஏழை நோயாளி குணமானதற்கு இரண்டு மாத்திரைகள் மட்டும் காரணமல்ல. மாத்திரை ஒருநாளும் தீர்ந்துபோகவில்லை, அவர் வராதபோது ஒருவர் தேடிப் போனார், அவர் வீட்டுக் குழந்தைகளையும் ஒருவர் பரிசோதித்தார். ஆய்வுக்கட்டுரையின் முடிவுரை எல்லா நாடுகளுக்கும் பரவியது. அதன் செய்முறைப் பகுதியில் விவரிக்கப்பட்ட இந்தக் கவனிப்பைப் பெருந்திட்டங்கள் உடன் எடுத்துச் செல்லவில்லை. வீட்டுச்சிகிச்சை என்று நாம் ஏற்றுக்கொண்டதில் சிகிச்சையின் பொறுப்பு பெரும்பாலும் வீட்டின் தலையிலேயே விழுந்தது. அப்பொறுப்பில் அரசின் பங்கு எவ்வளவு என்பதே இனி எழுப்பவேண்டிய கேள்வி. அதற்குப் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை. 1959-ன் கட்டுரையை முதல் பக்கத்திலிருந்து முழுதாகப் படித்தாலே போதும்.